பழைய கிராமச் சாலைக்கு ‘வரலாற்று நெடுஞ்சாலை’ அந்தஸ்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், கொலம்பியா ஆற்றின் தென்கரையை ஒட்டி மலைச்சரிவில் கொலம்பியா ஆற்றுச் சாலை என்ற பழைய சாலை போகிறது. 1913-இல் வேலை தொடங்கி 1922-இல் முடிந்தது. முப்பது ஆண்டுகளில் அது கைவிடப்பட்டது. பல இடங்களில் உடைக்கப்பட்டது. 1980-களில் சட்டத்தின் துணையோடு மீட்பு தொடங்கியது. ஒரு சாலையை ‘வரலாற்று நெடுஞ்சாலை’ என்று அறிவிப்பதால் என்ன நடக்கும், என்ன நடக்காது என்பதைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. அதனால் பெரும்பாலான பதில்கள் இந்தச் சாலையைச் சுற்றியே அமைந்திருக்கின்றன. அரிசோனாவிலிருந்து இரண்டு சாலைகளும் துணைக்கு வருகின்றன.

வயதான சாலை எல்லாமே வரலாற்றுச் சாலைதானே? தனியாக அறிவிப்பு எதற்கு?

வயது மட்டும் ஒரு சாலையைக் காப்பாற்றாது. பழைய கோட்டையையோ மாளிகையையோ இடிக்கப் போனால் ஊரே திரண்டு தடுக்கும். சாலையின் கதை வேறு. ஒவ்வொரு முறை தார் போடும்போதும், வளைவை நேராக்கும்போதும், சிறு பாலத்தை இடித்துக் குழாய் பதிக்கும்போதும் அது கொஞ்சம் கொஞ்சமாக அழிகிறது. அதைச் செய்பவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. சாலையைப் பழுதுபார்ப்பதுதான் அவர்களுடைய வேலை. அறிவிப்பு இருந்தால், அந்தப் பொறியாளர் வேலையைத் தொடங்கும் முன் ஒரு நிமிடம் நின்று ‘இந்தக் கைப்பிடிச் சுவரைத் தொடலாமா?’ என்று கேட்டாக வேண்டும். அந்தக் கட்டாயத்தை உண்டாக்குவதற்குத்தான் அந்தஸ்து.

அந்தஸ்தில் எத்தனை வகை?

அமெரிக்காவில் முக்கியமாக மூன்று. பலர் இவற்றைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதலாவது, வரலாற்றுச் சிறப்புமிக்க இடங்களின் தேசியப் பதிவேடு. 1966-ஆம் ஆண்டின் தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருவது. பொதுவாக ஐம்பது ஆண்டுகளாவது பழமையானதாக இருக்க வேண்டும். பழைய உருவம் பெருமளவு குலையாமல் இருக்க வேண்டும். இதற்கு மேல்படியில் தேசிய வரலாற்று அடையாளச் சின்னம் என்ற தகுதி இருக்கிறது. அது மிகச் சிலவற்றுக்கே கிடைக்கும்.

இரண்டாவது, மாநிலத்தின் அறிவிப்பு. சட்டமன்றம் தீர்மானமோ சட்டமோ நிறைவேற்றும். அல்லது நெடுஞ்சாலைத் துறை தன் அதிகாரத்தில் அறிவிக்கும். அரிசோனா 1982-இலேயே வரலாற்றுச் சாலைகளுக்கும் இயற்கை எழில் சாலைகளுக்கும் தனித் திட்டம் கொண்டுவந்துவிட்டது.

மூன்றாவது, 1991-இல் தொடங்கிய தேசிய எழில் வழிகள் திட்டம். இயற்கைக் காட்சி, வரலாறு, பண்பாடு, தொல்லியல் முதலிய ஆறு குணங்களில் ஏதாவது ஒன்றில் தனித்து நிற்கும் சாலை இதில் இடம் பெறும். இரண்டில் நாடளவில் சிறந்து நின்றால் ‘அனைத்து அமெரிக்கச் சாலை’ என்ற பட்டம் கிடைக்கும். இது பெரும்பாலும் சுற்றுலாவுக்கான அங்கீகாரம்.

கொலம்பியா ஆற்றுச் சாலைக்கு இவை அனைத்தும் கிடைத்திருக்கின்றன. 1983-இல் தேசியப் பதிவேடு, 1987-இல் மாநிலச் சட்டம், 1998-இல் அனைத்து அமெரிக்கச் சாலை, 2000-இல் தேசிய வரலாற்று அடையாளச் சின்னம். இவற்றில் சாலையின் தலையெழுத்தை மாற்றியது 1987-இன் மாநிலச் சட்டம் என்பதே என் கருத்து. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

அந்தச் சாலையில் அப்படி என்ன சிறப்பு?

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

சாமுவேல் ஹில் என்ற செல்வந்தருக்கு நல்ல சாலைகள் மீது தீராத பற்று. 1908-இல் பாரிஸில் நடந்த முதல் உலகச் சாலை மாநாட்டுக்குப் போனார். பொறியாளர் சாமுவேல் லான்காஸ்டரும் அங்கே போயிருந்தார். ரைன் ஆற்றங்கரையின் கற்சுவர்களையும், சுவிட்சர்லாந்தில் ஏரிக்கரைப் பாறையைக் குடைந்து ஜன்னல் வைத்த ஆக்சன் சாலையையும் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு, கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்கிலும் அப்படி ஒன்று வேண்டும் என்ற கனவு பிறந்தது. ஹில் தன் சொந்த நிலத்தில், மேரிஹில் என்ற இடத்தில், பலவகைச் சாலைகளைச் சோதனைக்காகப் போட்டுப் பார்த்தார். 1913-இல் ஓரிகன் சட்டமன்ற உறுப்பினர்களை அங்கே வரவழைத்துக் காட்டினார். அதே ஆண்டில் அந்த மாநிலத்தின் நெடுஞ்சாலை ஆணையம் உருவானது.

லான்காஸ்டர் வகுத்த விதிகள் கண்டிப்பானவை. ஏற்றம் எங்கேயும் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதாவது நூறு அடி போனால் ஐந்து அடிக்கு மேல் ஏறக் கூடாது. வளைவின் ஆரம் 100 அடிக்குக் குறையக் கூடாது. சாலையின் அகலம் 24 அடி. ஆற்றிலிருந்து 733 அடி உயரத்தில் நிற்கும் கிரௌன் பாயின்ட் பாறையிலிருந்து கிழக்கே லட்டூரெல் அருவிப் பக்கம் இறங்கும்போது, இந்த விதியை மீறாமலிருக்கச் சாலை எட்டுப் போட்டபடி சுற்றிச் சுற்றி இறங்குகிறது. மோஸியருக்கும் த டால்ஸ் நகருக்கும் இடையே ரொவீனா மேட்டிலும் இதே வித்தை. மேட்டின் உச்சியில் நின்று அந்த வளையங்களைப் பார்த்தவர்களுக்கு, மலையோடு சண்டை போடாமல் அதன் போக்கிலேயே போய் வென்றிருக்கிறார்கள் என்பது சொல்லாமலே புரியும்.

லான்காஸ்டரின் இன்னொரு கொள்கை, அருவி இருக்கும் இடத்தை எல்லாம் சாலை தேடிப் போக வேண்டும் என்பது. குறுக்கு வழி இருந்தாலும் அதை விட்டுவிட்டு லட்டூரெல், ஷெப்பர்ட்ஸ் டெல், பிரைடல் வெய்ல், வாக்கீனா, 620 அடி உயரத்திலிருந்து விழும் மல்ட்னோமா என ஒவ்வொன்றின் அருகிலும் சாலையைக் கொண்டுபோனார். மல்ட்னோமா அருவியின் நடுவே நிற்கும் நடைபாலம் 1914-இல் மர வியாபாரி சைமன் பென்சனின் செலவில் கட்டப்பட்டது. அருவிகளைச் சுற்றியிருந்த நிலத்தையும் அவர் பொதுவுக்குக் கொடுத்தார். ஷெப்பர்ட்ஸ் டெல்லைக் கொடுத்த ஜார்ஜ் ஷெப்பர்ட் பென்சனைப் போலச் செல்வந்தர் அல்லர், பண்ணைக்காரர். இறந்த மனைவியின் நினைவாகத் தன் நிலத்தை ஊருக்கு எழுதிக் கொடுத்தார். சாலையின் வரலாறு என்னும்போது இந்த மனிதரையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

கற்சுவர்களைக் கட்டியவர்களில் பலர் இத்தாலியிலிருந்து வந்த கொத்தனார்கள். சாந்து இல்லாமல் கல்லோடு கல்லை அடுக்கிக் கட்டிய தாங்குசுவர்கள் நூறு ஆண்டு மழைக்குப் பிறகும் நிற்கின்றன.

இவ்வளவு அருமையான சாலையை ஏன் கைவிட்டார்கள்?

அது போர்டு மாடல் டி போன்ற அந்தக் காலக் கார்களுக்காகப் போட்ட சாலை. லாரிகள் பெருத்தன, வேகம் கூடியது, வளைவுகளில் நெரிசல் வந்தது. 1930-களில் பான்வில் அணை கட்டப்பட்டபோது சாலையின் ஒரு பகுதி இடம் மாறியது. பிறகு ஆற்று மட்டத்தில், மண் நிரப்பி, நேர்கோட்டில் புதிய சாலை போட்டார்கள். 1954-இல் அது த டால்ஸ் வரை எட்டிவிட்டது. இன்று ஐ-84 என்று அழைக்கப்படும் பெருவழிச்சாலை அதன் தொடர்ச்சிதான்.

மேற்கே சுமார் 22 மைலும் கிழக்கே சுமார் 15 மைலும் வண்டிப் போக்குவரத்துக்குத் தப்பிப் பிழைத்தன. நடுப்பகுதி துண்டு துண்டாகியது. மோஸியருக்கு அருகே பாறையில் குடைந்த இரட்டைச் சுரங்கப்பாதைகளைக் கல்லும் மண்ணும் போட்டு அடைத்துவிட்டார்கள். ஆற்றைப் பார்க்க ஐந்து ஜன்னல்கள் வைத்து 1915-இல் கட்டிய மிட்செல் பாயின்ட் சுரங்கப்பாதையை, பெருவழிச்சாலையை அகலப்படுத்துவதற்காக 1966-இல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தானதும் அதே 1966-இல்தான். சட்டம் வந்த ஆண்டிலேயே அது காப்பாற்றியிருக்க வேண்டிய ஒன்று போய்விட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

மீட்பு எப்படித் தொடங்கியது?

பதிவு செய்வதிலிருந்து தொடங்கியது. மிச்சமிருந்த பாலங்கள், சுவர்கள், மைல்கற்கள் கணக்கெடுக்கப்பட்டு 1983 டிசம்பரில் தேசியப் பதிவேட்டில் சாலை ஏறியது. மறு ஆண்டு அமெரிக்கச் சிவில் பொறியாளர் சங்கம் அதைப் பொறியியல் அடையாளச் சின்னமாக அறிவித்தது. 1986-இல் கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்கைத் தேசிய எழில் பகுதியாக்கிய மத்தியச் சட்டம், பழைய சாலையின் எஞ்சிய துண்டுகளைப் பாதுகாத்து, அறுந்த இடங்களை நடைபாதைகளால் இணைத்து, மக்கள் பயன்பாட்டுக்கான வரலாற்றுச் சாலையாக்கும்படி ஓரிகன் போக்குவரத்துத் துறைக்குக் கட்டளையிட்டது. அடுத்த ஆண்டு ஓரிகன் சட்டமன்றம் தன் பங்குக்கு ஒரு சட்டம் இயற்றியது.

பெயர்ப் பலகை வைத்தால் போதாதா? தனிச் சட்டம் எதற்கு?

நிறைய இடங்களில் பலகையோடு முடிந்துவிடுகிறது. கலிபோர்னியாவில் ஒரு நெடுஞ்சாலைக்குச் சிறப்புப் பெயர் சூட்டும் சட்டமன்றத் தீர்மானங்களைப் படித்துப் பாருங்கள். பலகைக்கான செலவை அரசு சாராதவர்களின் நன்கொடை வழியே திரட்டியபின் பலகை வைக்கலாம் என்ற வரி வழக்கமாக இருக்கும். ஊர்க்காரர்கள் பணம் திரட்டுகிறார்கள், பழுப்பு நிறப் பலகை வருகிறது, படம் எடுக்கிறார்கள். அதன்பின் சுவர் இடிந்தால் யார் கட்டுவது? அந்தத் தீர்மானத்தில் அதற்குப் பதில் இருக்காது.

ஓரிகனின் 1987-ஆம் ஆண்டுச் சட்டம் வேறுவிதமாக எழுதப்பட்டது. எஞ்சிய பகுதிகளின் தொடர்ச்சியையும் பழமையின் தூய்மையையும் காத்து மீட்பது மாநிலத்தின் கொள்கை என்று அது அறிவித்தது. அந்த வேலையைப் போக்குவரத்துத் துறையின் தலையில் கட்டியது. அந்தத் துறையைக் கண்காணித்து ஆலோசனை சொல்ல ஒரு குழுவை அமைத்தது. சாலை கடந்து செல்லும் மல்ட்னோமா, ஹூட் ரிவர், வாஸ்கோ ஆகிய மூன்று கவுண்டிகளின் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதிகளின்) குடிமக்களும் அரசுத் துறைகளின் ஆட்களும் அதில் ஒரே மேசையில் உட்காருகிறார்கள். எது மீட்கப்பட்டிருக்கிறது, எது பாக்கி என்று கேட்க ஒரு இடம் இருக்கிறது. பதில் சொல்ல ஒரு துறை இருக்கிறது. ஒரு சாலைக்கு அந்தஸ்து கேட்டு மனு எழுதுபவர்கள் இந்த இரண்டையும் வாசகத்திலேயே கேட்டு வாங்க வேண்டும். ‘அறிவிக்கப்படுகிறது’ என்ற சொல்லோடு திருப்தியடைந்துவிடக் கூடாது.

அந்தஸ்து கிடைத்துவிட்டால் சாலையை அகலப்படுத்தவே முடியாதா?

முடியும். ஆனால் எளிதல்ல. 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 106-ஆம் பிரிவு, மத்திய அரசின் பணமோ அனுமதியோ சம்பந்தப்பட்ட வேலை எதுவானாலும், வரலாற்றுச் சின்னத்துக்கு என்ன பாதிப்பு என்பதை ஆராய்ந்து, உரியவர்களைக் கலந்து பேசிவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்கிறது. தடுக்கும் அதிகாரம் இதற்கு இல்லை. அதே ஆண்டின் போக்குவரத்துத் துறைச் சட்டத்தில் இன்னும் கூர்மையான ஒரு பிரிவு இருக்கிறது. ஏற்கத்தக்க மாற்று வழி வேறு இல்லாவிட்டால் மட்டுமே, அதுவும் சேதத்தைக் குறைக்க எல்லா முயற்சியும் எடுத்த பிறகே, வரலாற்று இடத்தைப் போக்குவரத்துத் திட்டத்துக்காக எடுக்கலாம் என்கிறது அது.

மாநிலம் தன் சொந்தப் பணத்தில் மட்டும் ஒரு வேலையைச் செய்தால் இவை பொருந்தாமல் போகலாம். அதனால்தான் மாநிலச் சட்டமும் தேவைப்படுகிறது.

பழைய கைப்பிடிச் சுவரும் மர வேலியும் இன்றைய கார்களைத் தாங்குமா? பாதுகாப்பு முக்கியமில்லையா?

மிகவும் முக்கியம். பாதுகாப்பைப் பேசாமல் பழமையை மட்டும் பேசும் இயக்கங்கள் முதல் விபத்திலேயே மக்கள் ஆதரவை இழந்துவிடுகின்றன.

கொலம்பியா சாலையின் ஓரத்தில் வெள்ளையடித்த இரட்டைக் கட்டை மர வேலி ஓடும். பார்க்க அழகு, மோதினால் தாங்காது. அதை எடுத்துவிட்டு வழக்கமான தகரத் தடுப்பு போட்டிருந்தால் சாலையின் முகமே மாறியிருக்கும். மரத்தின் பின்பக்கம் எஃகுப் பட்டை வைத்து, ஓட்டுநர் கண்ணுக்குப் பழைய வேலியாகவே தெரியும்படி புதிய வேலியைச் செய்தார்கள். இதுதான் சரியான வழி.

வேகமும் இங்கே ஒரு கருவி. வளைவை வெட்டி நேராக்குவதற்குப் பதிலாக வேக வரம்பைக் குறைக்கலாம். பெரிய லாரிகளைப் பக்கத்திலுள்ள பெருவழிச்சாலைக்குத் திருப்பலாம். மாற்றுச் சாலை இருக்கும் இடத்தில் இது சுலபம். அந்த ஒரே சாலையை நம்பி விவசாய விளைபொருளும் பள்ளிப் பேருந்தும் ஆம்புலன்ஸும் போகிற இடத்தில் இவ்வளவு சுலபமில்லை. அங்கே சில பகுதிகளை விட்டுக்கொடுத்துச் சில பகுதிகளைக் காப்பதுதான் நேர்மையான வழி.

சாலையோரம் வீடோ நிலமோ வைத்திருக்கிறேன். என் உரிமை போய்விடுமா?

தேசியப் பதிவேட்டில் ஏறுவதால் மட்டும் தனியார் உரிமை குறையாது. சொந்தப் பணத்தில் சொந்தக் கட்டடத்தை மாற்ற அது தடை போடுவதில்லை. வருமானம் தரும் வரலாற்றுக் கட்டடமாக இருந்து, முறைப்படி புதுப்பித்தால், செலவில் 20 சதவீதம் வரை மத்திய வரிச் சலுகை கிடைக்க வழியுண்டு. கட்டுப்பாடு வந்தால் பெரும்பாலும் உள்ளூர் விதிகளிலிருந்தோ நில வகைப்பாட்டுச் சட்டங்களிலிருந்தோதான் வரும். கொலம்பியா பள்ளத்தாக்கில் நிலப் பயன்பாட்டுக் கட்டுப்பாடுகள் கடுமையானவைதான். அவை தேசிய எழில் பகுதிச் சட்டத்தால் வந்தவை. சாலைப் பட்டியலால் வந்தவையல்ல.

சிற்றூர்களுக்கு இதனால் பிழைப்பு கிடைக்குமா?

அரிசோனாவின் செலிக்மன் ஊர் இதற்குப் பதில் சொல்லும். 1926-இல் எண் பெற்ற ரூட் 66 நெடுஞ்சாலை அந்த ஊரின் நடுவே போனது. 1978 செப்டம்பர் 22 அன்று ஐ-40 என்ற பெருவழிச்சாலை திறக்கப்பட்டதும் போக்குவரத்து ஒரே நாளில் ஊரை விட்டுப் போய்விட்டது. 1985-இல் ரூட் 66 என்ற எண்ணையே அதிகாரபூர்வமாக நீக்கிவிட்டார்கள். அதே சாலையில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த ஏஞ்சல் டெல்காடில்லோ, 1987 பிப்ரவரியில் ஊர்க்காரர்களைக் கூட்டி ஒரு சங்கம் அமைத்தார். மாநில அரசை விடாமல் நச்சரித்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் செலிக்மனிலிருந்து கிங்மன் வரையிலான பகுதியை அரிசோனா ‘வரலாற்று ரூட் 66’ என்று அறிவித்தது. மற்ற மாநிலங்களிலும் சங்கங்கள் முளைத்தன. இன்று அந்தச் சிற்றூருக்கு உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள்.

இந்தக் கதையைக் கேட்டு எல்லா ஊரும் செலிக்மன் ஆகிவிடும் என்று நம்ப வேண்டாம். ரூட் 66-க்கு உலகப் பெயர் இருந்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தஸ்து வந்தபோது அங்கே கடைகள் இன்னும் திறந்திருந்தன, கடைக்காரர்கள் ஊரில் இருந்தார்கள். எல்லாரும் போன பிறகு வரும் அந்தஸ்து வெற்றுத் தெருவுக்குத்தான் வரும்.

அரசுப் பணம் தொடர்ந்து கிடைக்குமா?

நம்பியிருக்க முடியாது. தேசிய எழில் வழிகள் திட்டத்துக்கென்று இருந்த தனி நிதி 2012-இன் போக்குவரத்துச் சட்டத்தோடு நின்றுபோனது. 2019-இல்தான் அத்திட்டத்துக்கு உயிரூட்டும் சட்டம் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பல சாலைகள் பட்டத்தை வைத்துக்கொண்டு பணமில்லாமல் நின்றன.

கூட்டம் அதிகமாகிவிட்டால்?

அதுவும் ஒரு சேதம்தான். போர்ட்லாந்து, பீவர்ட்டன், ஹில்ஸ்பரோ பக்கம் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஊரிலிருந்து பெற்றோர் வந்தால் முதலில் அழைத்துப் போவது மல்ட்னோமா அருவிக்குத்தான். கோடை வார இறுதியில் பழைய சாலையில் கார்கள் நகராமல் நிற்கும். 2022 கோடையில் அருவிகள் வரிசையாக இருக்கும் பகுதிக்குக் காரில் செல்ல நேரம் குறித்த அனுமதிச் சீட்டு முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். காரை விட்டுவிட்டுப் பேருந்தில் போகும் வசதியும் இருக்கிறது. முடிந்தவர்கள் பேருந்தில் போங்கள் என்பேன். லான்காஸ்டர் வரைந்த வளைவுகளை ரசிக்க வேண்டுமென்றால் ஓட்டுநர் இருக்கையைவிட ஜன்னலோர இருக்கைதான் நல்லது.

நிலச்சரிவு, காட்டுத்தீ, வெள்ளம் வந்தால் அந்தஸ்து உதவுமா?

மிகக் கொஞ்சம். அரிசோனாவில் அப்பாச்சி டிரெயில் என்ற வரலாற்றுச் சாலை இருக்கிறது. 1900-களின் தொடக்கத்தில் ரூஸ்வெல்ட் அணை கட்டப் பொருள் கொண்டுபோகப் போட்ட மலைச்சாலை. அதில் ஒரு பகுதி இன்றும் மண்சாலைதான். 2019-இல் காட்டுத்தீ மலையை மொட்டையாக்கியது. பின்னால் வந்த மழை சாலையை அடித்துக்கொண்டு போனது. ஃபிஷ் க்ரீக் மலைப் பகுதி சுமார் ஐந்து ஆண்டுகள் மூடிக் கிடந்தது. 2024-இல் திறந்தபோதும் தரைக்கு மேல் உயரமாக நிற்கும் வண்டிகளுக்கே ஏற்றதாக இருந்தது.

ஓரிகனில் 2017 செப்டம்பரில் ஈகிள் க்ரீக் தீ பரவியபோது பழைய சாலையின் அருவிப் பகுதி ஓராண்டுக்கும் மேலாக மூடப்பட்டது. மல்ட்னோமா அருவி அடிவாரத்தின் கல் கட்டடத்தைத் தீயணைப்பு வீரர்கள் போராடிக் காப்பாற்றினார்கள். தீ அணைந்த பிறகும் வேர் எரிந்த மரங்களும் பிடிப்பு இழந்த பாறைகளும் சாலையில் விழுந்துகொண்டே இருந்தன. பழைய சாலையைக் காப்பது என்றால் அதற்கு மேலே இருக்கும் மலையையும் காட்டையும் சேர்த்துக் காப்பது. இது பல விண்ணப்பங்களில் விடுபட்டுப்போகிறது.

அழிந்துபோன பகுதியைத் திரும்பக் கட்டலாமா? அது போலியாகிவிடாதா?

நியாயமான கேள்வி. இரண்டு விதமாகச் செய்திருக்கிறார்கள்.

மோஸியர் இரட்டைச் சுரங்கத்தில் அடைத்திருந்த கல்லையும் மண்ணையும் தோண்டி எடுத்து, 2000-இல் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் திறந்துவிட்டார்கள். மேலிருந்து பாறை விழாமலிருக்க வெளியே கனமான கூரையொன்று கட்டினார்கள். உள்ளே இருப்பது அசல் பாறை. 1921 நவம்பரில் பனியில் மாட்டிக்கொண்ட பயணிகள் சுவரில் பொறித்துவிட்டுப் போன எழுத்து அப்படியே இருக்கிறது.

மிட்செல் பாயின்டில் அசல் எதுவும் மிஞ்சவில்லை. அங்கே பழைய ஐந்து ஜன்னல்களை நினைவூட்டும் வகையில், வளைவான ஐந்து திறப்புகளோடு புதிய சுரங்கப்பாதையைக் குடைந்திருக்கிறார்கள். பழையதே இதுதான் என்று யாரும் அங்கே சொல்லவில்லை. அதுவரைக்கும் இது போலியாகாது.

இந்த வரலாறு யாருடையது?

1913-இல் தொடங்கிய வரலாறு என்று எழுதினால் அது பாதிதான். கொலம்பியா ஆற்றங்கரையில் பல்லாயிரம் ஆண்டுகளாக மீன்பிடித்து, வணிகம் செய்து வாழ்ந்த பழங்குடிகள் இருக்கிறார்கள். யாக்கமா, உமட்டில்லா, வார்ம் ஸ்பிரிங்ஸ், நெஸ் பெர்ஸ் மக்களின் மீன்பிடி உரிமை 1855-ஆம் ஆண்டு உடன்படிக்கைகளில் எழுதப்பட்டது. த டால்ஸுக்குக் கிழக்கே அவர்களுடைய பெரும் மீன்பிடித் துறையான செலைலோ அருவி 1957-இல் அணைநீரில் மூழ்கியது. கார்களுக்காகப் போட்ட சாலையின் பலகையில் இந்த மக்களின் பெயரும் இருக்க வேண்டும் என்பது கருணையால் அல்ல. அந்த வழிகளில் முதலில் நடந்தவர்கள் அவர்கள்.

எங்கள் ஊர்ச் சாலைக்கு இந்த அந்தஸ்து வேண்டும். எதிலிருந்து தொடங்குவது?

நடந்து பார்ப்பதிலிருந்து. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை எந்தப் பாலம், எந்த மைல்கல், எந்தக் கல்வெட்டு, எந்த மரவரிசை அசலானது என்று படத்தோடும் இடக்குறிப்போடும் எழுதுங்கள். பின்னால் வரும் ஒவ்வொரு வாதமும் இந்தக் கணக்கெடுப்பின் மேல்தான் நிற்கும். அடுத்து, ஒவ்வொரு துண்டும் யாருக்குச் சொந்தம் என்று கண்டுபிடியுங்கள். பழைய சாலை பெரும்பாலும் ஒரே கையில் இருக்காது. ஒரு பகுதி மாநிலத்துக்கு, ஒரு பகுதி கவுண்டிக்கு, ஒரு பகுதி பண்ணைக்காரருக்கு என்று சிதறிக் கிடக்கும். மாநில வரலாற்றுப் பாதுகாப்பு அலுவலகத்தை ஆரம்பத்திலேயே அணுகுங்கள். விண்ணப்பம் அவர்கள் வழியாகத்தான் மேலே போகும். எந்தத் தகுதிக்கு முயலலாம், எதற்கு வாய்ப்பில்லை என்பதை அவர்களால் முதல் சந்திப்பிலேயே சொல்ல முடியும்.

சாலையைப் பராமரிக்கும் பணியாளர்களோடு பகை வேண்டாம். எந்த மதகு எப்போது அடைத்துக்கொள்ளும், எந்தச் சுவரின் அடியில் நீர் கசிகிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அவர்களைக் கூட்டத்துக்கு அழையுங்கள்.

முழுச் சாலைக்கும் கேட்பதா, நல்ல நிலையில் இருக்கும் துண்டுக்கு மட்டும் கேட்பதா என்ற குழப்பம் வரும். அசல் உருவம் குலையாத துண்டுக்கு முதலில் கேளுங்கள். அரிசோனாக்காரர்களும் செலிக்மன்–கிங்மன் பகுதியில்தான் தொடங்கினார்கள்.

இப்போது கொலம்பியா சாலையில் முழுவதும் போக முடியுமா?

காரில் இரு முனைப் பகுதிகளிலும் போகலாம். மேற்கே டிரௌட்டேலில் தொடங்கி, 1918-இல் திறந்த விஸ்டா ஹவுஸ் கட்டடம் நிற்கும் கிரௌன் பாயின்ட் வழியாக அருவிகளைத் தாண்டிப் போகும் பகுதி ஒன்று. கிழக்கே மோஸியரிலிருந்து ரொவீனா வளையங்கள் வழியாக த டால்ஸ் வரை மற்றொன்று. நடுவே, கார் போகாத இடங்களில், நடையாகவும் சைக்கிளிலும் செல்ல மாநிலப் பாதை ஒவ்வொரு துண்டாக நீண்டுகொண்டு வருகிறது. மிட்செல் பாயின்ட் சுரங்கப்பாதை அப்படிச் சேர்ந்த அண்மைத் துண்டு. அங்கிருந்து கிழக்கே ஹூட் ரிவர் வரையிலான சில மைல்கள்தான் பெரிய பாக்கி.